ஒரு கண்ணாடிக்கு நாலு கை

அந்தத் தெருவில் யாரிடமும் நிலம் கிடையாது, நகை கிடையாது; சங்கிடம் மட்டும் ஒரு தொண்டை இருந்தது. கண்ணாடிக் கிடங்கின் வாசலில் நின்று அவர் "படி!" என்று ஒரு சத்தம் போட்டால், மூன்று தெரு தள்ளி அடுப்பில் இருக்கும் பால் பயந்துபோய்ப் பொங்கிவிடும். பேருந்து ஓட்டுகிறவர் தன்னை அறியாமல் பிரேக்கை மிதித்துவிடுவார். தெருமுனையில் கடிகாரம் பழுது பார்க்கிறவருக்கு இருபது வருடமாகக் காது மந்தம்; அவரே ஒரு நாள் தலையைத் தூக்கி, "யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கே" என்றாராம். ஆலைச் சங்கு மாதிரி இருக்கிறதே என்று எவனோ சொல்லப்போய், பெற்றவர்கள் வைத்த பெயர் உதிர்ந்து விழுந்து, சங்கு என்பதே நிலைத்துவிட்டது.

அந்தத் தொண்டையை நம்பித்தான் அவருடைய மனைவியின் தம்பி இருபது வருடமாக முதுகுப்பக்கமாக நடந்துகொண்டிருந்தான்.

தொழில் அப்படி. ஆளுயரக் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், முகத்துக்கு முகம் பார்த்தபடி தூக்குவார்கள். உள்ளங்கையில் தோல் பட்டை, முழங்கை வரை பழைய கோணித் துணி. முன்னால் போகிறவன் முன்ஆள். அவன் பின்பக்கமாகவே நடப்பான். எதிரே இருப்பவர் பின்ஆள். வழி அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். படி, பள்ளம், வாசல், நில் என்று நாலே நாலு சொல். அந்த நாலு சொல்லில்தான் முன்ஆளின் கழுத்து, கை, கால் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. காற்று அடித்துவிட்டால் கண்ணாடி பாய்மரமாகிவிடும். அப்போதும் முன்ஆள் திரும்பிப் பார்க்கக் கூடாது. தூக்குவதற்கு முன்னால் ஒரு நடை போய் வழியைப் பார்த்துவிட்டு வரவும் கூடாது. பார்த்தால் பின்ஆளை நம்பவில்லை என்று அர்த்தம். அப்படிப் பார்த்த ஒருத்தனோடு அவனுடைய பின்ஆள் ஒன்பது வருடம் பேசவில்லை. ஒன்பது வருடமும் அவர்கள் சேர்ந்துதான் கண்ணாடி தூக்கினார்கள் என்பது வேறு விஷயம்.

மச்சானுக்குத் தெரு வைத்த பெயர் ஒட்டடை. மெலிந்து நெடுநெடுவென்று இருப்பான். கூரையில் சிலந்திவலை படிந்தால் பெண்கள், "அவனைத் தலைகீழாப் புடிச்சு ஒரு இழுப்பு இழுங்கடி" என்பார்கள். கல்யாணம் ஆகவில்லை. தெருக்கோடியில் ஓர் அறை. தூங்குவதற்கு மட்டும் அந்த அறை. மூன்று வேளையும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு.

கிடங்கில் இன்னொரு வழக்கம் இருந்தது. கண்ணாடி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இரண்டு பேர்தான் தூக்க வேண்டும். ஒரு கண்ணாடிக்கு நாலு கை. முகம் பார்க்கிற கண்ணாடியைக்கூட ஏதோ ராஜா பல்லக்கு மாதிரி இரண்டு பேர் சுமந்துகொண்டு போவார்கள், ஒருவர் பின்பக்கமாக நடக்க, இன்னொருவர் "பள்ளம்!" என்று கத்த. புதிதாக வந்த முதலாளி ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார். தூக்குகிறவர்களுக்கெல்லாம் தலைவரான பெரியகை, முறத்தைப் போன்ற தன் கைகளைக் கட்டிக்கொண்டு, "போன தலைமுறையில ஒருத்தன் தனியாத் தூக்கினான் முதலாளி. தலை துண்டாகி உருண்டு போய் கேட் பக்கத்துல நின்னுச்சு. நின்னு, 'நான் செஞ்சது தப்பு'ன்னு சொல்லிச்சு" என்றார். முதலாளி அதற்கப்புறம் கேட்கவில்லை. அப்படி ஒரு தலை உருளவே இல்லை என்பது தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். நாலு கை என்றால் நாற்பத்திரண்டு பேருக்கு வேலை. இரண்டு கை என்றால் இருபத்தொரு பேர் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்த மழைக்காலத்தில் சங்குக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஏழு நாள் எழுந்திருக்க முடியவில்லை. மற்ற எல்லோருக்கும் ஜோடி இருந்ததால் ஒட்டடை கிடங்கு வாசலில் தனியாக நின்றான். எட்டாவது நாள் அவன் கையில் ஒரு சாமான் இருந்தது. கைப்பிடியில் இரண்டு ரப்பர் வட்டம், பக்கத்தில் ஒரு விசை. கண்ணாடியில் வைத்து விசையை அழுத்தினால் கவ்விக்கொள்ளும். ஒற்றைக் கையில் கண்ணாடியைப் பெட்டி மாதிரி தொங்கவிட்டபடி, முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, விசிலடித்தபடி, பதினோரு ஜன்னல் கண்ணாடிகளை மத்தியானத்துக்குள் ஒரே ஆளாக வீடு சேர்த்துவிட்டான். முதலாளி மாடியிலிருந்து பார்த்துக் கைதட்டினார்.

அந்தக் கைதட்டல் தெருவுக்குக் கேட்டுவிட்டது. அந்தச் சாமானுக்கு அன்று சாயங்காலமே 'அட்டை' என்று பெயர் வைத்தாயிற்று; கவ்வும், உறிஞ்சும், விடாது.

தெரு யாரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த விஷயத்தில் அது மிகவும் நாகரிகமான தெரு. டீக்கடைக்காரம்மா ஒட்டடையைப் பார்த்ததும் பால் தீர்ந்துவிட்டது என்றாள். பால் அவளுக்குப் பின்னால் கொதித்துக்கொண்டிருந்தது. முடிவெட்டுகிறவர் ஒரு கன்னத்தை மழித்து முடித்ததும் திடீரென்று அவசர வேலை நினைவுக்கு வந்து கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒட்டடை பாதித் தாடியோடு வெளியே வந்தபோது, தெருவின் இந்தப் பக்கம் நின்றவர்கள் ஒரு மனிதனையும் அந்தப் பக்கம் நின்றவர்கள் வேறொரு மனிதனையும் பார்த்தார்கள்.

அவனுக்கு அது உறைக்கவில்லை. உறைத்தது அவன் அக்காவுக்கு.

சங்கின் மனைவி இருபத்தைந்து வருடமாகத் துவைக்கிற தொட்டியின் ராணி. அவள் வாயைத் திறந்தால் பெண்கள் துணியை மறந்துவிடுவார்கள். ஒரே சட்டையை ஒன்றரை மணி நேரம் கசக்கி நூலாக்கியவர்கள் உண்டு. இப்போது அவள் வாளியைக் கீழே வைத்ததும் தொட்டியைச் சுற்றிப் பேச்சு நின்றது. பகை தெரியாமல், மரியாதையாக, ஒவ்வொருத்தியாகப் பிழிந்துகொண்டு எழுந்து போனார்கள். அவள் ஈரத்துணியிடம் பேச ஆரம்பித்தாள்.

அட்டை வந்த பன்னிரண்டாவது நாள் மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் வதக்கியிருந்தாள். சட்டியை வைத்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது.

"டேய், அந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில போடேன்டா" என்றாள். "ஒரு பொண்ணைக் கட்டி வெச்சிருந்தாக்கூட இப்படி ஒட்டிக்கிட்டுத் திரிய மாட்டே."

"பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போயிடும்க்கா. இது ரப்பர். புடிச்சா விடாது."

"சிரிக்காதே. பன்னெண்டு நாளாச்சு. என்கிட்ட ஒருத்தி ஒரு வார்த்தை பேசல. நேத்து தெருநாய்கிட்டப் போய் 'சாப்ட்டியா'ன்னு கேட்டேன்டா. அதுவும் எழுந்து போயிடுச்சு."

"நாய்க்கு யாரு சொன்னா? பெரியகையா?"

சங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி பார்த்த பார்வையில் அதைக் கிழங்கோடு சேர்த்து விழுங்கினார்.

"மாப்ள, நீ வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க குப்புறக் கிடந்து முனகிட்டிருந்தீங்க மாமா. உங்க முதுகுக்காகத்தான் வாங்கினேன். இன்னும் பத்து வருஷம் இந்த முதுகை வெச்சுக்கிட்டு எப்படித் தூக்குவீங்க? உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தர்றேன். சின்னதையெல்லாம் தனித்தனியாத் தூக்குவோம். பெருசு வந்தா நீங்க பின்னாடி, நான் முன்னாடி. எவன் தயவு வேணும் நமக்கு?"

"எனக்கு வேணும்டா" என்று அக்கா கத்தினாள். "நாலு பேரு மூஞ்சி எனக்கு வேணும். இந்தச் செவுத்தைப் பாத்துப் பேசவா நான் பொறந்தேன்?" பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "உங்க பேச்சைத்தானே அவன் கேப்பான்? எப்படியாவது அவனை வழிக்குக் கொண்டாங்க. எப்படியாவது. இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும், சொல்லிட்டேன்" என்றாள்.

ஒட்டடை தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கழுவி வைத்துவிட்டு, மழையில் விசிலடித்தபடி போனான்.

மறுநாள் காலையில் டீக்கடைக்காரம்மா சங்கைத் தானாகக் கூப்பிட்டாள். கடைக்குப் பின்னால், காலி மரப்பெட்டிகளுக்கு நடுவில், பெரியகை உட்கார்ந்திருந்தார். தன் பக்கத்துப் பெட்டியைக் கைக்குட்டையால் துடைத்து, "உக்காரு சங்கு. வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்றார். பன்னிரண்டு நாளில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. சங்குக்குக் கண் கலங்கிவிட்டது. டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை அதிகம் போட்டிருந்தார்கள்.

"சின்னப் பசங்கெல்லாம் அவனை அடிக்கணும்ங்கறானுங்க" என்றார் பெரியகை. "நான்தான் கூடாதுன்னுட்டேன். நாம என்ன காட்டுமிராண்டிங்களா? நம்ம புள்ள அவன்."

"நல்லவன்தாண்ணே. விளையாட்டுப் புத்தி."

"அதேதான் நானும் சொன்னேன். தனியாத் தூக்கலாம்னு ஒரு திமிரு. அது ஒடம்புல பட்டாத்தான் எறங்கும். ஒரு கீறல், ஒரு சுளுக்கு. அவ்வளவுதான். பயந்துபோய் அட்டையைத் தூக்கி எறிஞ்சிட்டு நம்மகிட்ட ஓடி வந்துடுவான். அவனைத் தள்ளி வைக்கவா பாக்கறோம்? சேத்துக்கத்தானே பாக்கறோம்?"

சங்கு டீயை ஊதினார். "நான் என்னண்ணே பண்ணணும்?"

"நீயா? நீ ஒண்ணுமே பண்ண வேணாம்" என்று பெரியகை அவர் முதுகைத் தடவினார், வலி இருந்த இடத்தைப் பார்த்து, இதமாக. "புதுசாக் கட்டற துணிக்கடைக் கட்டடத்துக்கு இன்னைக்குப் பெரிய கண்ணாடி போகுது. அட்டை அதைத் தாங்காது, ரெண்டு ஆள்தான். நடைபாதையில ஓடு பதிக்காம ஒரு பள்ளம் விட்டு வெச்சிருக்கான், முழங்கால் ஆழம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அண்ணே..."

"இருபது வருஷமாக் கத்தறே சங்கு. ஒரு நாள் தொண்டை கட்டிக்கக் கூடாதா? மனுஷத் தொண்டைதானே அது?"

வெளியே வந்தபோது, தொட்டியில் யாரோ தன் மனைவியிடம் சோப்பு இருக்கிறதா என்று கேட்பது சங்கின் காதில் விழுந்தது. அவள் குரல், "இருக்கு, இருக்கு! இந்தா, முழுசா எடுத்துக்கோ!" என்று துள்ளியது. தெரு முன்பணம் கொடுத்துவிட்டது.

துணிக்கடைக் கட்டடத்தின் பின்பக்க வெளியில் மழை விட்டிருந்தது. காற்று மட்டும் மூலைக்கு மூலை மணலை வாரிக்கொண்டிருந்தது. மற்ற ஜோடிகள் தங்கள் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வேலி ஓரமாக வரிசையாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் மெல்லவில்லை. சினிமாவில் விளக்கை அணைத்ததும் ஒரு அமைதி வருமே, அந்த அமைதி.

ஒட்டடை தோல் பட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி இருப்பது கண்ணுக்குத் தெரிய அதன் முனையில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டான். இரண்டு கன்னமும் மழித்திருந்தான். தானாகவே செய்துகொண்டதில் மூன்று இடத்தில் வெட்டு.

"வழி எப்படி மாமா?"

"ம்" என்றார் சங்கு.

"என்ன, குரலே இல்ல?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

"சாயங்காலம் மிளகு போட்டு சூப் வெச்சுத் தர்றேன். அக்கா சூப்பு வேணாம், அது வெந்நி" என்று சிரித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வராமல், கண்ணாடியின் முனையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்பக்கமாக நடந்தான்.

வெளியைக் கடந்தார்கள். "வாசல்" என்றார் சங்கு. அந்தச் சொல் கரகரத்துத்தான் வந்தது, ஆனால் வந்தது. ஒட்டடை தலையைக் குனிந்து நிலைக்குள் நுழைந்தான். நடைபாதை இருட்டு. பள்ளம் ஆறு அடி தள்ளி இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க சங்கால் முடியவில்லை. அது வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. ஒட்டடை பேசிக்கொண்டே போனான். அட்டையில் பெரிய அளவும் உண்டாம், நாலு வட்டம் போட்டதாம், விலை கேட்டு வைத்திருக்கிறானாம். நாலு அடி. சங்கு வாயைத் திறந்தார். சொல் நாக்கின் நுனியில், ஈரமாக, முழுசாக இருந்தது. தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது அவர் கத்தியிருந்தால் ஊர் எல்லைவரை கேட்டிருக்கும். இரண்டு அடி. மச்சான் அவர் முகத்தையே பார்த்தபடி நடந்தான், இருபது வருடமாகப் பார்த்த மாதிரி. சங்கு வாயை மூடிக்கொண்டார்.

முதலில் கண்ணாடி ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் போட்டது. அப்புறம்தான் உடைந்தது.

கீறல் இல்லை, சுளுக்கு இல்லை. ஒட்டடையின் வலது மணிக்கட்டில் குறுக்காக ஒரு வெட்டு, எலும்பு தெரிய. நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள், கை பிழைத்தது, விரல்கள் பிழைக்கவில்லை. ஐந்தும் நேராக நின்றுவிட்டன, மடங்காமல், யாரையோ எப்போதும் நில்லென்று சொல்வதைப் போல.

அதற்கப்புறம் தெரு காட்டிய அன்பு இருக்கிறதே, அதை எழுத ஒரு ரீம் காகிதம் போதாது. ஆஸ்பத்திரிக்குப் பதினோரு வீட்டிலிருந்து சூப் வந்தது. நோயாளி குடித்ததுபோக மிச்சத்தில் அந்த வார்டே தேறி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. டீக்கடைக்காரம்மா பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து வந்தாள். முடிவெட்டுகிறவர் கட்டிலருகே மண்டியிட்டு, இரண்டு கன்னத்தையும் கண்ணீர் மல்க மழித்துவிட்டார். பெரியகை முதலாளியிடம் பேசி, கிடங்கு மாடியில் ஓர் அறையும் வாசலில் காவல் காக்கிற வேலையும் வாங்கிக் கொடுத்தார். "பாத்தீங்களா முதலாளி? தனியாத் தூக்கிப் பழகினா ஜோடியோட தூக்கற கவனம் போயிடும்" என்றார். முதலாளி அட்டையைத் தன் கையாலேயே சாக்கடையில் போட்டார்.

ஒட்டடை தலையணையில் சாய்ந்துகொண்டு வந்தவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னான். "மாமா சொன்னாரு. எனக்குத்தான் காதுல விழல. நான் பேசிக்கிட்டே இருந்தேன். தங்கமான ஜனங்கக்கா இவங்க. எனக்குத்தான் புரியாமப் போச்சு."

அக்கா அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி பாதி வழியில் நின்றது. தூக்கத்தில் புருஷன் "படி" என்று உளறினால் எதிர்வீட்டுக் குழந்தை எழுந்து அழும். அந்தச் சத்தம் இந்தக் காதில் விழவில்லையாம். அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். கரண்டி மறுபடி நகர்ந்தது. அன்று சாயங்காலம் அவள் தொட்டிக்குப் போனாள். எல்லோரும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் பேசினாள், அவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வீட்டுக்குள் மட்டும் அவளிடம் வார்த்தை தீர்ந்துவிட்டது.

சங்குக்கோ மரியாதை கரை புரண்டது. டீ முதலில் அவருக்குத்தான். நல்ல பெட்டி அவருக்கு. பெரியகை வந்தால் எழுந்திருக்காத பையன்கள் சங்கு வந்தால் எழுந்தார்கள். கண்ணாடியைத் தூக்க மட்டும் யாரும் அவருக்கு முன்னால் வரவில்லை.

முதல் நாள் ஒருத்தனுக்குத் தோள் வலி. மறுநாள் இன்னொருத்தனுக்கு மாமியார் சீரியஸ். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒருத்தன் துணிந்து முனையைப் பிடித்தான். பிடித்தவன், பின்பக்கமாக ஒரு அடி வைப்பதற்குள் சட்டென்று கழுத்தைத் திருப்பி வழியைப் பார்த்தான். கிடங்கே பார்த்தது. யாரும் அவனைக் கண்டிக்கவில்லை.

"அண்ணே, எனக்கு ஒரு முன்ஆள் வேணும்" என்று சங்கு பெரியகையிடம் போய் நின்றார். "நீங்க சொல்லித்தானே..."

"நான் என்ன சொன்னேன்?" என்றார் பெரியகை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "ஒண்ணுமே பண்ண வேணாம்னுதானே சொன்னேன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "பசங்களைக் குத்தம் சொல்லாதே சங்கு. புள்ளகுட்டிக்காரனுங்க. சொந்த மச்சானுக்கே சொல்லாத வாய்..." என்று நிறுத்திவிட்டு, அவருக்கு டீ சொன்னார். இரண்டு கரண்டி சர்க்கரை அதிகம்.

ஒட்டடை ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நாள். தெரு சேர்ந்து அவனுக்கு ஓர் இரும்புக் கட்டில் வாங்கியது. நாலு பேர் ஆரவாரமாகத் தூக்கிவந்து கிடங்கின் வெளிமாடிப்படி அடியில் இறக்கினார்கள். "மேலே ஏத்திடலாமா?" என்று சங்கு ஒரு முனையைப் பிடித்ததும், நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வேலை நினைவுக்கு வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. கட்டிலும் அவரும் நின்றார்கள்.

மனைவி தொட்டியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"நான் புடிக்கறேன்" என்றாள். ஒன்பது நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு. சங்குக்கு உயிர் வந்தது.

"நீ மேலே போற பக்கம் புடி. நான் கீழேருந்து தாங்கிக்கறேன்."

"வேணாம். நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி."

"நான் முன்னாடி போனதே இல்லையே."

"அவன் போனான்ல, இருபது வருஷம்."

சங்கு முனையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஒரு படி ஏறினார். வாழ்நாளில் முதல் தடவை வழி தெரியாமல் நடந்தார். அந்த மாடிக்கு அவர் ஏறியதே இல்லை. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம்தான் இருந்தது. மறுபக்கம் வெறும் காற்று, அதற்குக் கீழே உடைந்த கண்ணாடியைக் கொட்டுகிற குழி. எட்டுப் படியோ ஒன்பதோ ஏறியிருப்பார். முதுகு வலி மறந்தே போயிற்று. இப்போது முதுகு முழுக்கக் கண் வேண்டியிருந்தது. கழுத்து தானாகத் திரும்பியது.

"என்ன, வழி பாக்கறீங்களா?" என்றாள் அவள்.

கீழே டீக்கடையில் பேச்சு நின்றது. அத்தனை முகமும் மேலே தூக்கியிருப்பது சங்குக்குத் தெரிந்தது. அவர் கழுத்தை மறுபடி நேராக்கிக்கொண்டார். காலைப் பின்னால் நீட்டிக் காற்றைத் துழாவினார்.

"படி இருக்கா?" என்றார்.

பதில் இல்லை.

"திருப்பமா? ஏய், சொல்லேன். திருப்பம் வந்துடுச்சா?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமில்லாமல், வாயை மூடிக்கொண்டு. கட்டிலின் மறுமுனை மட்டும் நிதானமாக அவரைத் தள்ளிக்கொண்டிருந்தது.